உங்களுக்குத் தெரியுமா? நம்ம தோட்டப்புறத்தில் பிறந்த உலக அதிசயங்கள்!

புக்கிட் பெருந்துங் டோலில் காரை எடுங்கள். ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குள் எத்தனை ஆராய்ச்சிக் கூடங்கள் தெரியுமா? கெப்போங்கில் காடு. சுங்கை பூலோவில் ரப்பர். கோலாலம்பூரில் காய்ச்சல். பாங்கியில் செம்பனை. இங்கே கண்டுபிடித்த சங்கதிகள் கலிபோர்னியா வரைக்கும் போயிருக்கின்றன! தேடித் தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன், கேளுங்கள்.

புழுங்கல் அரிசிச் சோறு வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பிள்ளை வீட்டில் இருக்கிறதா? முதலில் அதைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்!

நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் மலாயாவில் பெரிபெரி என்றால் எல்லாருக்கும் குலை நடுங்கும். கால் வீங்கும், நரம்பு மரத்துப்போகும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். பக்கத்திலேயே தோட்டத்து லயத்தில் இருந்த தமிழர்களை மட்டும் அந்த நோய் அநேகமாகத் தொடவே இல்லை!

ஏன்? எல்லாம் சட்டியில் இருந்த சோறு! சீனர்கள் தின்றது நன்றாகத் தீட்டிய பச்சரிசி. நம்மவர்கள் தின்றது புழுங்கல். நெகிரி செம்பிலான் அரசு மருத்துவர் பிராடன் இதைக் கவனித்தார். 1907-இல் தடிப் புத்தகமே போட்டுவிட்டார்!

கோலாலம்பூரில் வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர் இன்னும் துணிந்தவர். 1905-இல் மனநல விடுதி நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தினார். ஆளுக்கு ஓர் எண். ஒற்றைப்படை எண்ணுக்குச் சயாம் பச்சரிசி. இரட்டைப்படைக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. பச்சரிசிப் பக்கம் பெரிபெரியில் இறந்தவர்கள் 18 பேர். புழுங்கல் பக்கம் பெரிபெரிக்குப் பலியானவர்? ஒருத்தர்கூட இல்லை!

அந்த 18 பேரை நினைத்தால் மனசு கனக்கிறது. இன்று உலகமே நம்பும் ஒரு விடையை உயிரைக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

அப்புறம் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் களத்தில் இறங்கினார்கள். ஜெலெபு பக்கம் ரோடு போட வந்த ஜாவாக்காரத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 300 பேர். இரண்டு கூட்டம், இரண்டு அரிசி. பச்சரிசி தின்ற கூட்டத்தில் மூன்றே மாதத்தில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றிப் போட்டார்கள். நோயும் கூட்டம் மாறியது!

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அவ்வளவுதான் ரகசியம். வைட்டமின் என்ற பேரே 1912-இல்தான் வந்தது. விடை அதற்கு முன்பே கோலாலம்பூரில் தயார்!

அரிசிப் பேச்சு வந்துவிட்டது, இதையும் சொல்லாமல் விட முடியாது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் தேடிப்போய் மூட்டை மூட்டையாக வாங்குகிறீர்களே, தமிழ்நாட்டுப் பொன்னி அரிசி? அதன் பூர்வீகம் மலேசியா!

மாயாங் எபோஸ் என்பது மலாய் நாட்டு நெல். தைச்சுங் 65 தைவான் நெல். இரண்டையும் 1950-களில் இந்தியாவின் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கலந்தார்கள். விதை மலாயாவுக்கு வந்தது. இங்கே பொறுக்கி எடுத்து, 1965-இல் மசூரி என்று பெயர் வைத்து விவசாயிகள் கையில் கொடுத்தார்கள். அந்த மசூரி திரும்பவும் கப்பலேறித் தமிழ்நாட்டு வயலில் போய்ப் பொன்னியாக உட்கார்ந்துகொண்டது!

கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னியும் அதே பெற்றோருக்குப் பிறந்ததுதான். அதே ஆண்டு ஆந்திராவில் வந்த சம்பா மசூரிக்கும் நம்ம மசூரி நெருங்கிய சொந்தம்.

மலேரியாவுக்கு வருவோம். போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், 1901 செப்டம்பரில் திறந்தார்கள். காய்ச்சலில் ஆட்கள் சுருண்டு விழுந்ததால் இரண்டே மாதத்தில் துறைமுகத்துக்குப் பூட்டு!

மால்கம் வாட்சன் என்ற இளம் டாக்டர் மருந்தை மட்டும் நம்பவில்லை. வடிகால் வெட்டினார். சதுப்பு நிலத்தைத் தூர்த்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலுமாக 1901-இல் மொத்த மரணம் 582. அடுத்த வருடம்? 144!

இதைவிட ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. கடற்கரைத் தோட்டத்தில் காட்டை வெட்டினால் மலேரியா குறைந்தது. மலைத் தோட்டத்தில் காட்டை வெட்டினால் கூடியது! மலைப்பக்கத்துக் கொசு வெயில் படும் சுத்தமான ஓடையைத்தான் தேடிப்போய் முட்டையிடும். நிழலை எடுத்ததும் அதற்குக் கொண்டாட்டம். ஒரே சிலாங்கூர், இரண்டு கொசு, நேர்மாறான இரண்டு வைத்தியம்!

டைபாய்டு காய்ச்சலை முதன்முதலாக ஆன்டிபயாட்டிக் கொடுத்து அடக்கிய ஊர் எது? லண்டனா? நியூயார்க்கா? கோலாலம்பூர்! ஆண்டு 1948!

அதுவும் தற்செயலாக! அமெரிக்காவிலிருந்து ஸ்மேடல் என்பவரின் குழு குளோரோமைசெட்டின் மருந்தோடு வந்து இறங்கியது. வந்த வேலை வேறு. லாலாங் புல்லில் ஒளிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத குட்டி உண்ணி கடித்து வரும் ஸ்கரப் டைபஸ் காய்ச்சல். தோட்ட வேலையாட்களை வாட்டி வதைத்த காய்ச்சல் அது. மருந்து கொடுத்ததும் இரண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கியது. சந்தோஷப்பட்டுக்கொண்டு இருக்கும்போதே இன்னொன்று தெரிந்தது. டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு இருந்தது டைபாய்டு. அவர்களுக்கும் குணமாகிவிட்டது!

அந்த மருந்தைத் தந்த நுண்ணுயிர் வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்தது. தென்னமெரிக்க மண், அமெரிக்க டாக்டர், கோலாலம்பூர் கட்டில். முதல் டைபாய்டு அறிக்கையில் இருந்த நோயாளிகள் வெறும் 10 பேர்!

அதே உண்ணிக் காய்ச்சல் இன்றும் தமிழ்நாட்டைப் படுத்துகிறது. நோய் முற்றியவர்களுக்கு ஒரு மருந்துக்குப் பதில் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுதல் என்று 2023-இல் நிரூபித்தது யார்? வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவர்கள்!

சுங்கை பூலோவில் செடி வாங்கப் போயிருப்பீர்கள். அந்த நர்சரிகளுக்கு நடுவில்தான் 1930-இல் திறந்த தொழுநோய்க் குடியிருப்பு இருக்கிறது. தொழுநோய்க்கான டாப்சோன் மருந்துக்குக் கிருமி பழகிப்போய்விட்டது என்பதை 1964-இல் உலகத்துக்கு முதலில் நிரூபித்துக் காட்டியது இந்த இடத்து ஆய்வு! கிருமியை வளர்த்தது எதில் தெரியுமா? எலியின் பாதத்தில்! ஒரே மருந்தை நம்பாதே, கூட்டாகக் கொடு என்று உலகச் சுகாதார நிறுவனம் பின்னால் முடிவெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1998-இல் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவியது. எல்லாரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஊரெல்லாம் கொசு மருந்துப் புகை. மரணமோ நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற ஆய்வாளர் நுண்ணோக்கியில் பார்த்தார். இது யாரும் பார்த்திராத வைரஸ்! வைரஸ் கிடைத்த நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே வைரஸுக்கும். மலேசியாவில் நோய் கண்டவர்கள் 265 பேர், இறந்தவர்கள் 105. கொன்று புதைத்த பன்றிகள் பத்து லட்சத்தையும் தாண்டும்! இன்று கேரளாவில் நிப்பா என்றால் பிள்ளைக்கும் தெரியும். பெயர் போனது நம்ம நாட்டிலிருந்து!

டெங்கியை ஒழிக்கக் கொசுவையே வளர்த்துப் பறக்கவிட்டால்? விட்டார்கள்! வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசு. அது உள்ளே இருந்தால் டெங்கி வைரஸ் வளர முடியாமல் திணறும். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சிலாங்கூர் உட்பட ஆறு இடங்களில் செய்து பார்த்தது. டெங்கி 40 விழுக்காடு குறைந்தது! 2019-இல் அறிக்கையும் வந்துவிட்டது.

இனி பால்மரம். இங்கே கொஞ்சம் நின்று பேசியே ஆக வேண்டும். நம்ம அப்பா அம்மாக்களின் கைபட்ட மரம் இது!

விடிவதற்கு முன்னாலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏன் பால்வெட்டுக்கு ஓடினார்கள்? கங்காணி விரட்டியது மட்டும் காரணம் இல்லை. இருட்டில் மரம் தண்ணீரை நிறைய இழுத்துவைத்துக்கொண்டு விம்மி நிற்கும். பட்டைக்குள் பால்குழாய்களின் அழுத்தத்தை ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் 1960-களில் அளந்து பார்த்தார்கள். விடியற்காலையில் அது 10 பாருக்கும் மேல்! உங்கள் கார் டயரின் காற்றைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்! வெயில் ஏறினால் அழுத்தம் இறங்கும், பால் சீக்கிரம் நின்றுபோகும். விஞ்ஞானி அளந்து சொன்னதை நம்ம சனங்கள் கைப்பழக்கத்தில் அறிந்து வைத்திருந்தார்கள்.

அந்த வெட்டு எவ்வளவு மெல்லியது தெரியுமா? ஒரு தடவைக்குப் பட்டையில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் மட்டும்! கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கி உள்தோலைத் தொட்டுவிட்டால் மரத்தில் புடைப்பு விழும், அந்த இடத்தில் அடுத்த முறை வெட்டவே முடியாது. அரைகுறை வெளிச்சத்தில், மழைக்கோட்டோடு, கொசுக்கடியில், நூற்றுக்கணக்கான மரத்துக்கு இதே அளவு. அறுவை சிகிச்சை டாக்டரின் கைக்கு நான் கொடுக்கும் மரியாதையை அந்தக் கைகளுக்கும் கொடுப்பேன்!

மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது 1925. அது 1937-இல் கலந்து உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரம் இன்றும் தாய்லாந்துத் தோட்டங்களின் ராஜா! அந்தக் காலத்துச் சாதா விதை மரத்தோடு வைத்துப் பார்த்தால் பால் ஏறக்குறைய மூன்று மடங்கு!

பால் வடிவது சீக்கிரம் நின்றுவிடுகிறதா? பட்டையில் எத்தெபான் மருந்தைத் தடவு! மாம்பழத்தைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன் வாயு அதிலிருந்து வெளிப்படும். பால் மணிக்கணக்கில் கூடுதலாக வடியும். 1968-இல் இதைக் கண்டு எழுதிய மூவரில் ஒருவர் பெயர் பாக்கியநாதன்!

உலு பூலோ ரப்பர் தோட்டத்தில் 1929-இல் ஒரு குழந்தை பிறந்தது. கேரள வம்சாவளி. ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தது. 1966-இல் அதே ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநர் நாற்காலியில் போய் உட்கார்ந்தது! பெயர் பி.சி.சேகர். வயது அப்போது 36!

அதற்கு முன்பு ரப்பர் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, கண்ணால் பார்த்துத்தான் விலை போடுவார்கள். செயற்கை ரப்பர் சந்தையைப் பிடித்துக்கொண்டு வந்த காலம். இயற்கை ரப்பர் செத்தது என்று பலர் கைகழுவிவிட்டார்கள். சேகரின் குழு 1965-இல் தரத்துக்கு எண் கொடுத்தது. எஸ்.எம்.ஆர். 20 என்றால் அழுக்கு நூற்றுக்கு 0.20 பங்கைத் தாண்டக்கூடாது என்று தொடக்க விதி! கண்ணுக்கு வேலை இல்லை, தராசுக்குத்தான் வேலை. ரப்பர் பிழைத்தது. அதை நம்பி லயத்தில் அடுப்பெரித்த லட்சக்கணக்கான குடும்பங்களும் பிழைத்தன. 1973-இல் சேகருக்கு மகசேசே விருது!

பூகம்பம் வந்தால் கட்டடத்தைத் தாங்கிப் பிடிப்பது எது? நம்ம ரப்பர்! அமெரிக்காவிலேயே முதன்முதலாக பூகம்ப அதிர்வு ஏறாமல் கட்டிய கட்டடம் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்ற வளாகம். 1985-இல் முடிந்தது. அது உட்கார்ந்திருப்பது 98 ரப்பர் மெத்தைகள் மேல்! வடிவமைப்பில் கை கொடுத்தது இங்கிலாந்தில் இருக்கும் மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக்கூடம். 2014-இல் திறந்த பினாங்கு இரண்டாவது பாலத்தின் கீழேயும் ரப்பர் மெத்தைதான்!

மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பால் இருக்கிறதே, அது இப்போது ரோட்டிலும்! தாரோடு கட்டிப்பாலைக் கலந்து மலேசியாவில் சாலை போடுகிறார்கள்!

செம்பனைக்குத் தாவுவோம். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கே? நம்ம கோலசிலாங்கூர் வட்டாரம்! பத்தாங் பெர்ஜுந்தைத் தென்னமரம் தோட்டம், 1917!

நட்டவர் ஹென்றி போக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாத் தோட்ட வாழ்க்கையை நாவலாக எழுதி, 1930-இல் பிரான்சின் கொங்கூர் பரிசையே வாங்கிவிட்டார்!

இங்கே தலைமுறை தலைமுறையாகப் பரவிய டெலி ரகச் செம்பனைக்கெல்லாம் மூதாதை யார்? 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நட்ட மரங்கள். எத்தனை? நான்கே நான்கு!

1980-வரைக்கும் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவியது மனிதக் கை! டால்கம் மாவில் மகரந்தத்தைக் கலந்து, ரப்பர் குமிழ் வைத்த குப்பியில் அடைத்து, முள் மட்டைகளை விலக்கி, விரிந்த பெண் பூவைத் தேடி 'புஸ்' என்று அடிக்க வேண்டும். நாள் முழுக்க இதே வேலை. செய்தவர்களில் நம்ம பெண்கள் எத்தனை பேர்!

காற்றுதான் மகரந்தத்தைச் சுமக்கிறது என்று அதுவரை பாடம். ரஹ்மான் சையது என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டுக் காட்டில் போய் உட்கார்ந்து பார்த்தார். காற்றே இல்லை, எல்லாம் வண்டு! சில மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த வண்டைச் சோதித்து, 1981 பிப்ரவரியில் குளுவாங் தோட்டத்தில் விட்டார்கள். வேகமாகத் தீபகற்பம் முழுக்கப் பரவியது. குப்பி போயே போச்சு!

செம்பனையின் மரபணு வரைபடம் 2013-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. ஏறக்குறைய 34,800 மரபணுக்கள்! பாங்கியில் இருக்கும் மலேசியப் பாமாயில் வாரியத்தின் அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் முனைவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. நம்ம பெண்!

கொட்டையின் ஓடு தடிமனா மெல்லிசா என்று தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு. மெல்லிய ஓடு என்றால் எண்ணெய் 30 விழுக்காடு கூடுதல். முன்பெல்லாம் குலை தள்ளும்வரை, சில சமயம் ஆறு வருடம்கூட, காத்திருந்து பார்க்க வேண்டும். இப்போது நாற்றின் இலையில் ஒரு துணுக்குக் கிள்ளினால் போதும்! நிலத்தைக் கூட்டாமலே எண்ணெயைக் கூட்டலாம், காட்டை வெட்ட வேண்டாம். எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்!

ஆந்தை கத்தினால் அபசகுனம் என்று காதைப் பொத்திக்கொள்கிறீர்களா? செம்பனைத் தோட்டத்தில் ஆந்தைக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்! கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி. ஒரு ஜோடிக் கூகை, குஞ்சுகளோடு சேர்ந்து, வருடத்தில் தின்று தீர்க்கும் எலி ஆயிரத்துக்கும் மேல். எலி விஷச் செலவும் மிச்சம்!

ஒரு டன் பாமாயில் எடுத்தால் ஆலையிலிருந்து வெளியேறும் கழிவுநீர் இரண்டரை டன்! ஆற்றில் விட்டால் வீட்டுச் சாக்கடையைவிட நூறு மடங்கு கேடு. அதை மூடிய தொட்டியில் புளிக்கவைத்து எரிவாயு பிடிக்கும் வேலையை 1980-களிலேயே செய்து காட்டிய ஆலைகளில் ஒன்று எது? அதே தென்னமரம்!

நம்ம பக்கத்து புக்கிட் தாகாரில் கோலாலம்பூர்க் குப்பை மலையாகக் குவிகிறது. அதிலிருந்து கிளம்பும் வாயுவைக் குழாயில் பிடித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நீங்கள் போட்ட சுவிட்சில் நேற்றைய குப்பையும் எரியலாம்!

கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் படகில் போய்ப் பார்த்திருப்பீர்கள். ஆண் பூச்சிகள் எல்லாம் ஒரே தாளத்தில் மின்னுகின்றன, வினாடிக்கு ஏறக்குறைய மூன்று தடவை! அவற்றை எப்படி எண்ணுவது? வன ஆராய்ச்சிக் கழகம் இரவில் கேமராவில் படம் எடுத்து, ஒளிப்புள்ளியைக் கணினியில் கணக்கிடுகிறது. 2006-இலிருந்து! இன்னொரு சங்கதி தெரியுமா? மின்மினியின் புழுப்பருவம் கரைச் சேற்றில் நத்தையைத் தின்று வளர்கிறது. பெரெம்பாங் மரத்தை மட்டும் காப்பாற்றினால் போதாது, கரையையும் விட்டுவைக்க வேண்டும். கரையை அழித்தால் படகோட்டிக்கும் பிழைப்பு போய்விடும்!

கடைசியாக ஒரு வெடி. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில் நடக்கப் போகிறோமே, வானத்தை மறைக்கும் மரங்கள்! அது ஆதிகாலக் காடு என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! 1920-களில் அந்த இடம் ஈயம் தோண்டிக் கைவிட்ட பொட்டல். வெள்ளை மணலும் குழியும் காய்கறிப் பாத்தியும்தான். அங்கே ஒவ்வொரு கன்றாக மனிதர்கள் நட்டு வளர்த்த 500 ஹெக்டருக்கும் மேற்பட்ட மழைக்காடு அது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிவிட்டது!